புகையை நம்புவதா, கருவியை நம்புவதா?

"நெருப்பைப் பார்த்தே எல்லாம் அறிவோம்" என்று மட்பாண்டத் தொழிலில் பழுத்தவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. கந்தரோடையிலும் அனுராதபுரத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்களைச் செய்தவர்களிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. காற்றுப் பட்ட பகுதி சிவக்கும், படாத பகுதி கறுக்கும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள்.

ஆயினும் வாயுச் சூளையில் 1200 பாகைக்கு மேல் மெருகிட்ட கலங்களைச் சுடுவோரின் நிலை வேறு. செலடன் பச்சையோ செம்புச் சிவப்போ வேண்டுமானால் சூளையினுள் ஒட்சிசன் குறைய வேண்டும். அப்போது முழுதாக எரியாத வாயுவிலுள்ள காபனோரொட்சைட்டு, மெருகிலுள்ள இரும்பு, செம்பு ஒட்சைட்டுகளிடமிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். இதுவே தாழ்த்தற் சூடு.

இதனை அறியப் பலர் கரும்புகையைப் பார்க்கின்றனர். புகை எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் எண்ணம். எமது கருத்தில் இது தவறு. கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் எரிபொருள். தாழ்த்தலுக்கு அவ்வளவு தேவையில்லை. சூளையின் சூடும் ஏறாது நின்றுவிடும். 2022ஆம் ஆண்டில் வாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற எமக்கு அந்தப் புகையின் விலை தெரியாததல்ல.

ஒட்சிசன் உணரி இங்கேதான் உதவுகிறது. சிர்க்கோனியாக் குழாய் ஒன்றின் உட்புறத்தில் வெளிக்காற்றும், வெளிப்புறத்தில் சூளை வாயுவும் படும். ஏறத்தாழ 700 பாகைக்கு மேல், இரு பக்கத்து ஒட்சிசன் வேறுபாடு சிறு மின்னழுத்தமாகத் தெரியும். ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் சில பத்து மில்லிவோல்ற். தாழ்த்தல் தொடங்கியதும் பல நூறாக ஏறும். அதைப் பார்த்துப் புகைபோக்கித் தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தலாம். 1976 முதல் மோட்டார் வாகனங்களில் பொருத்தப்பட்டுவரும் உணரியும் இதே தத்துவத்தில் இயங்குவதே.

எனினும் எல்லோரும் இதை வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சட்டி, பானை சுடும் திறந்த சூளைக்கு இது வேண்டியதில்லை. விலை ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடியதல்ல. திடீர்ச் சூட்டில் குழாய் வெடிக்கும். அது இருக்கும் இடத்து நிலையை மட்டுமே காட்டும். கொட்டிலில் கசியும் காபனோரொட்சைட்டைப் பற்றி அது எச்சரிக்காது. நிறமும் மணமும் அற்ற அந்த நஞ்சுக்குத் திறந்த காற்றோட்டமே காவல்.

ஆகவே, அயலிலுள்ள வாயுச் சூளைக்காரர் சேர்ந்து ஓர் உணரியை வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்துவதே தக்கது. கூடவே ஒரு கொப்பியும் வேண்டும். ஒவ்வொரு சூட்டிலும் நேரம், வெப்பநிலை, மில்லிவோல்ற், தகட்டின் நிலை, கலம் வந்த நிறம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். கண்ணின் அனுபவம் முதியவரோடு போய்விடலாம். எழுதிய கணக்கு அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.