நிறுத்தி வெச்ச ஸ்போர்ட்ஸ் காருக்கு சார்ஜர்: வாங்குங்க, ஆனா கணக்கை அதோட நிறுத்தாதீங்க!



வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆச்சு. சின்ன வயசுல போஸ்டர்ல பார்த்து ஆசைப்பட்ட ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியாச்சு. ஆனா நீங்க இருக்கிறது சென்னையில. வாடகை வீட்டுல பைக் நிறுத்தவே ஹவுஸ் ஓனர்கிட்ட சண்டை. அதனால கார் போடிநாயக்கனூர்ல, அப்பா அம்மா வீட்டு போர்ட்டிகோவுல கவர் போட்டு நிக்குது. 2010 கடைசியில அகலப் பாதை வேலைக்காக நின்ன போடி ரயில், 2023 ஜூன் 15-ல திரும்ப வந்துடுச்சு. சென்னை சென்ட்ரல்ல ஏறினா போடியில இறங்கலாம். அதனால ஊருக்குப் போக கார் தேவையே இல்ல. போன இடத்துல, சனி ஞாயிறுல போடிமெட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போகத்தான் அந்தக் கார்.

மத்த நாள் எல்லாம் அது சும்மா நிக்குது. ஒருநாள் வீட்டிலிருந்து போன் வரும்: "ஏப்பா, வண்டி ஸ்டார்ட் ஆகலப்பா. டிக்கு டிக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது."

உடனே நீங்க ஆன்லைன்ல பேட்டரி சார்ஜர் தேடுவீங்க. வாங்கலாமா, வேஸ்டா? என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். வாங்குங்க. அந்தக் காருக்கு நீங்க செய்யுற செலவுகள்ல இதுதான் உருப்படியான செலவு. ஆனா சார்ஜர் காப்பாத்துறது பேட்டரியை மட்டும்தான். நிக்கிற காரால உங்க சம்பளத்துல ஒழுகுறதை அது அடைக்காது. ரெண்டையும் கணக்கு போட்டே பார்த்துடலாம்.

நிக்கிற கார் கரண்ட் குடிக்குமா?

குடிக்கும். சாவியை எடுத்த பிறகும் அலாரம், சென்ட்ரல் லாக், கீலெஸ் ரிசீவர், கார் கம்ப்யூட்டர்னு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கிட்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர்னு வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 25 நாள்ல 30 ஆம்பியர்-ஹவர். உங்க கார்ல இருக்கிறது 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரின்னா, அடுத்த தடவை நீங்க ஊருக்கு வர்றதுக்குள்ள பாதி காலி. வெயில் காலத்துல பேட்டரி தானா இறங்குறதும் வேகமாகும். போடி வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

பாதி காலியான லெட்-ஆசிட் பேட்டரியை அப்படியே விட்டா, உள்ள இருக்கிற தகடுகள்ல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏத்தினாலும் பழைய சக்தி வராது. நாலஞ்சு வருஷம் ஓட வேண்டிய பேட்டரி சீக்கிரமே போறது இப்படித்தான்.

போடியில காலையில ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. எத்தனை பழைய ஜீப்பா இருந்தாலும் அதுக்கு யாரும் வீட்டுல சார்ஜர் மாட்டுறது இல்ல. தினமும் மலை ஏறி இறங்குது, ஆல்டர்னேட்டரே சார்ஜ் பண்ணிடுது. சார்ஜர் தேவைப்படுறது ஓடாத வண்டிக்குத்தான்.

"வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்கப்பா": இது வேண்டாம்

நிறைய பேர் செலவில்லாத வழின்னு நினைச்சு அப்பாகிட்ட இந்த வேலையைக் கொடுக்குறாங்க. கணக்கைப் பாருங்க. ஒரு வாரத்துல போனது 8.4 ஆம்பியர்-ஹவர். இன்ஜினை 5 நிமிஷம் ஐடில்ல விட்டா, ஆல்டர்னேட்டர் 30 ஆம்பியர் கொடுத்தாக்கூட திரும்ப வர்றது 2.5 ஆம்பியர்-ஹவர்தான். அதுலயும் ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட் தனியா போகும். மிச்சம் பெட்ரோல் செலவு. இன்ஜின் முழுசா சூடாகாம நிறுத்துறதால ஆயில்லயும் சைலன்சர்லயும் ஈரம் வேற தங்கும்.

இதைவிட முக்கியம், ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள்ள காரை ஓட விடுறது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. உங்க ஆசைக் காருக்காக வயசான அப்பா வாராவாரம் அந்தப் புகையில நிக்கத் தேவையில்ல.

சார்ஜர் கணக்கு

பேட்டரி ஃபுல் ஆனதும் தானா குறைஞ்சு, சொட்டுச் சொட்டா சார்ஜ் கொடுத்து அதே நிலையில வெச்சிருக்கிற சார்ஜரைத்தான் சொல்றேன். பழைய ஒர்க்‌ஷாப் சார்ஜர் நிறுத்தத் தெரியாம ஏத்திக்கிட்டே இருக்கும். அதை மாசக்கணக்குல மாட்டி வெச்சா பேட்டரி வெந்துடும். பெராரி, போர்ஷே கம்பெனிகளே தங்களோட கார்களுக்குன்னு சார்ஜர் விக்குறாங்க. போர்ஷே அதுக்கு வெச்சிருக்கிற பேரு 'சார்ஜ்-ஓ-மேட்'. ஓடுறதைவிட நிக்கிறதுதான் அதிகம்னு அவங்களுக்கும் தெரியும்.

கணக்குக்கு சார்ஜர் விலை 6,000 ரூபாய், ஆறு வருஷம் உழைக்கும்னு வைங்க. வருஷத்துக்கு 1,000 ரூபாய். ஃபுல் ஆன பிறகு சராசரி 10 வாட் எடுத்தா மாசத்துக்கு 7.2 யூனிட். யூனிட் 10 ரூபாய்னே வெச்சாலும் 72 ரூபாய், வருஷத்துக்கு 864. மொத்தம் வருஷத்துக்கு 2,000 ரூபாய்க்குள்ள. 15,000 ரூபாய் பேட்டரி ரெண்டு வருஷத்துல போறதுக்கும் அஞ்சு வருஷம் வர்றதுக்கும் வித்தியாசம் வருஷத்துக்கு 4,500 ரூபாய். ஆக, சார்ஜர் லாபம்தான்.

இன்னொரு செலவையும் சேர்த்துக்கோங்க. போர்ஷே 911-ல பேட்டரி இருக்கிறது முன்பக்க டிக்கிக்குள்ள. அந்த டிக்கி பல மாடல்கள்ல கரண்ட்லதான் திறக்கும். பேட்டரி செத்தா, பேட்டரி இருக்கிற பெட்டியையே திறக்க முடியாது! ஃபியூஸ் பாக்ஸ்ல ஒரு முனையை வெளிய இழுத்து, வேற பேட்டரியில இருந்து கரண்ட் கொடுத்துத் திறக்கணும். இது தெரிஞ்ச மெக்கானிக்கை எங்கிருந்தோ வரவழைக்கிற செலவு சார்ஜர் விலையைத் தாண்டிடும்.

வாங்கும்போது, மாட்டும்போது

- உங்க பேட்டரி சாதா லெட்-ஆசிட்டா, ஏஜிஎம்மா, லித்தியமான்னு முதல்ல பாருங்க. அதுக்கான மோடு இருக்கிற சார்ஜர்தான் வாங்கணும்.
- கரண்ட் போய் வந்தா தானா மறுபடி ஆரம்பிக்குமான்னு கேளுங்க. மலையடிவாரத்துல மழைக் காலம்னா இது ரொம்ப முக்கியம்.
- சிவப்பு கிளிப் பிளஸ்ல, கறுப்பு கிளிப் கார் மேனுவல் சொல்ற எர்த் பாயிண்ட்ல. பிறகுதான் சுவர் பிளக். கழட்டும்போது தலைகீழ்: முதல்ல சுவர் பிளக். மாத்தி மாட்டினா கார் கம்ப்யூட்டர் போயிடும், லட்சத்துல செலவு வைக்கும்.
- எர்த் உள்ள மூணு பின் சாக்கெட், காத்தோட்டமான இடம். சார்ஜ் ஆகும்போது பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி தட்டை அந்தப் பக்கம் கொண்டு போக வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.
- நிரந்தரமா வயர் மாட்டி, ஒரு பிளக் மட்டும் வெளிய விடுற மாதிரி கிட் கிடைக்கும். வீட்டுல இருக்கிறவங்க பானட்டைத் திறக்கவே தேவையில்ல.
- பழைய, எலக்ட்ரானிக்ஸ் குறைவான காருன்னா சார்ஜரே வேண்டாம். நெகட்டிவ் வயரைக் கழட்டி வெச்சாலே ஓரளவு தாங்கும். புது கார்கள்ல அலாரமும் செட்டிங்ஸும் போயிடும்.

பத்து நிமிஷ வேலை இன்னொண்ணு. மல்டிமீட்டர் வாங்கி, கார் ராத்திரி முழுக்க நின்ன பிறகு பேட்டரியை அளந்து பாருங்க. 12.6 வோல்ட்னா ஃபுல். 12.2 காட்டினா ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழன்னா உடனே கவனிக்கணும்.

இப்ப பெரிய கணக்கு

சார்ஜர்ல பச்சை லைட் எரியுது. நிம்மதியா இருக்கு. ஆனா அந்த லைட் காட்டாத செலவு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கார் விலை 15 லட்சம். கைக்காசு 3 லட்சம், லோன் 12 லட்சம், 12% வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 26,700.

முதல் வருஷம்:
- லோன் வட்டி: 1,34,000
- கார் மதிப்பு குறையுறது, 10%: 1,50,000
- கைக்காசு எஃப்.டி.யில இருந்திருந்தா வந்திருக்கும் 7% வட்டி: 21,000
- இன்சூரன்ஸ்: 40,000
- சர்வீஸ், டயர், சில்லறை: 45,000

மொத்தம் 3,90,000 ரூபாய். அசலைத் திருப்பிக் கட்டுறதை நான் இதுல சேர்க்கவே இல்ல. மாசத்துக்கு ரெண்டு நாள்னா வருஷத்துக்கு 24 நாள் ஓட்டுறீங்க. ஒரு நாளைக்கு 16,250 ரூபாய், பெட்ரோல் தனி.

போடிமெட்டுக்குப் போற 17 கொண்டை ஊசி வளைவுல அந்தக் கார் ஏறுற சுகம் எனக்கும் தெரியும். அதுக்கு விலை வைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. விலை என்னன்னு தெரிஞ்சு கொடுங்கன்னுதான் சொல்றேன். சார்ஜருக்கு 6,000 ரூபாயா 4,500 ரூபாயான்னு மூணு நாள் ரிவ்யூ பார்க்குற நாம, இந்த 3.9 லட்சத்தை மூணு நிமிஷம் உட்கார்ந்து பார்க்குறது இல்ல.

ஏலக்காய் சார்ந்த குடும்பம்னா இன்னும் ஒரு விஷயம் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. 2021-ல சராசரி விலை 1,000 ரூபாய் பக்கம் வந்துடுச்சு. தோட்டமோ, கடையோ, தரம் பிரிக்கிற வேலையோ, வீட்டு வருமானம் இப்படி ஏறி இறங்கும்போது நிலையா வர்றது உங்க சம்பளம் மட்டும்தான். அப்படிப்பட்ட வீட்டுல எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம கார் மட்டும் நிக்குதுன்னா, அது சரியான வரிசை இல்ல.

இன்சூரன்ஸ்ல மிச்சம் பண்ணலாம்

பேட்டரி இறங்கிப் போறது சாதாரண இன்சூரன்ஸ்ல கிளைம் ஆகாது. விபத்துல பேட்டரி போனாக்கூட 50% தேய்மானம் கழிச்சுத்தான் தருவாங்க. ஜம்ப் ஸ்டார்ட் உதவி வேணும்னா ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் தனியா எடுக்கணும்.

நல்ல செய்தியும் இருக்கு. ஓடுற கிலோமீட்டருக்கு ஏத்த மாதிரி பிரீமியம் கட்டுற 'பே ஆஸ் யூ டிரைவ்' ஆட்-ஆனுக்கு 2022 ஜூலையில ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்துச்சு. இது ஓன் டேமேஜ் பகுதிக்குத்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியம் குறையாது, 1500 சிசி-க்கு மேல 7,897 ரூபாய் கட்டித்தான் ஆகணும். ஆனாலும் வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத காருக்கு, ரினீவல் அப்ப இதைக் கேட்காம விடாதீங்க. வீட்டுலதானே நிக்குதுன்னு பாலிசியையே விட்டுடாதீங்க. தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் நிக்கிற காருக்கும் வரும்.

அப்ப என்ன பண்ணலாம்?

ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, வீட்டுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, எஸ்.ஐ.பி. நிக்காம போகுது, அதுக்கு மேலயும் இந்தக் காருக்குக் காசு மிஞ்சுதுன்னா தாராளமா வெச்சுக்கோங்க. சார்ஜர் மாட்டுங்க, டயர்ல காத்து பாருங்க, ஊருக்குப் போறப்ப நல்லா ஓட்டுங்க. ஆசைக்குச் செலவு பண்ணத்தான் சம்பாதிக்கிறோம்.

இதுல ஒண்ணு இல்லைன்னாலும், ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டினீங்கன்னு எண்ணிப் பாருங்க. மேல போட்ட அதே கணக்கை உங்க நம்பரை வெச்சுப் போடுங்க. வர்ற தொகையைப் பார்த்து மனசு பதறினா, சார்ஜரைக் கழட்டிட்டு விக்கிறதுக்கு போட்டோ எடுக்கலாம். ரெண்டு வருஷம் கழிச்சு வித்தா இன்னும் குறைவான விலைக்குத்தான் போகும். வித்துட்டு, எப்பவாவது ஆசை வந்தா வாடகைக்கு ஒரு நல்ல கார் எடுத்து மலை ஏறினாலும் அதே வளைவு, அதே ஏலக்காய் வாசம்தான்.

இது ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் இல்ல. ஊர்ல நிக்கிற சாதா ஹேட்ச்பேக்குக்கும் இதே கணக்குதான், நம்பர் மட்டும் சின்னதாகும். உங்க காருக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க.