விண்வெளிப் போரும் வீட்டுத் திண்ணையும்



அண்மையில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருக்கையில், சவ்வாது மலைக் கிராமத்துத் தந்தை ஒருவர் வாயிலில் வந்து நின்றார். "சாமி, அந்த விண்வெளிச் சண்டை விளையாட்டைப் பாவம் என்று ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லிவிடுங்கள்" என்று வேண்டினார். வீட்டில் செல்பேசி ஒன்று, பிள்ளைகள் இருவர். அது யார் கையில் இருப்பது என்ற தகராறில் அண்ணன் தம்பியை அடித்துவிட்டான். எட்டு நாட்களாக இருவருக்கும் பேச்சில்லை. ஒரே பாயில் முதுகைக் காட்டிப் படுக்கிறார்களாம்.

பாவம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் அறியாத ஒன்றைத் தீர்ப்பிடுதல் முறையன்று. ஆராய்ந்து சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினோம். விடுமுறைக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், இவ்வகை விளையாட்டுகளுக்கு மூதாதையான ஒன்றைத் தம் மடிக்கணினியில் நமக்குக் காட்டினார். அதன் பெயர் 'ஸ்பேஸ்வார்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசல் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் 1962-ஆம் ஆண்டில் உருவாக்கியது. நடுவே ஒரு விண்மீன். அதைச் சுற்றி இரு கலங்கள். ஒன்றை ஒன்று சுட்டு வீழ்த்த வேண்டும். அவ்வளவுதான்.

இதன் நிறைகளை முதலில் கூறுவோம். திரையின் பின்னணியில் தெரிபவை மனம்போனபடி தெளித்த புள்ளிகள் அல்ல. பீட்டர் சாம்சன் என்பவர் வான நூலைப் பார்த்து, உண்மை விண்மீன்களை அவற்றின் இடத்திலும் ஒளி அளவிலும் பதித்தார். வான நடுக்கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ 22 பாகை வரை உள்ள மீன்கள் அவை. ரோகிணி, திருவாதிரை, சித்திரை, சுவாதி ஆகிய நான்கும் அதற்குள் அடங்கும். 1986-இல் வைணு பாப்புவின் பெயரிட்ட பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்ட நம் காவலூர், பூமி நடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் உள்ளது. ஆகவே அந்தத் திரையில் ஊர்ந்தவை நம் மலைக்கு மேலே, தலை உச்சியை ஒட்டிச் செல்லும் மீன்களே.

இரண்டாவது, அங்கே இயற்கையின் விதி ஆள்கிறது. டான் எட்வர்ட்ஸ் என்பவர் ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். சும்மா இருக்கும் கலம் நடுமீனில் விழுந்து அழியும். ஒருமுறை உந்திய கலம் தானாக நிற்காது; நிறுத்த வேண்டுமானால் திரும்பி நின்று எதிர்த்திசையில் உந்த வேண்டும். மனந்திரும்புதலைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிறோம். இத்துணைத் தெளிவான உவமை நமக்குக் கிட்டியதில்லை.

மூன்றாவது, எதிராளி பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனிதர். தனியே ஆட இயலாது. ஆட்டம் சிறிது நேரத்தில் முடிந்தும்விடும். ஆக்கியவர்கள் அதற்குக் காசு கேட்கவில்லை. பிற கணினிக் கூடங்களுக்கும் அதை இலவசமாகவே பகிர்ந்தனர்.

குறைகளும் உண்டு. கலங்கள் ஈர்ப்பு விதிக்குப் பணிய, அவை எய்யும் குண்டுகள் மட்டும் நேர்கோட்டில் பாயும். அக்காலக் கணினிக்கு அதற்குமேல் கணக்கிடும் வலிமை இல்லை. வாழ்விலோ நாம் எறியும் எதற்கும் அத்தகைய விலக்கு இல்லை. கோபத்தில் எறிந்த சொல் சுற்றிக்கொண்டு நம்மிடமே வருகிறது. இதைவிடப் பெரிய குறை, பக்கத்தில் இருப்பவரை அழிப்பதைத் தவிர வேறு செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பது. அவருக்கு உதவ ஒரு பொத்தான் இல்லை. மூன்றாவது குறையை நம் அனுபவத்திலேயே கண்டோம். சற்றே பார்ப்போம் என்று அமர்ந்த நாம், மறைக்கல்விக்கு வந்த சிறுவர்கள் வெளியே காத்திருப்பதை ஆலய மணி ஒலித்த பின்பே உணர்ந்தோம். வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம்.

பின்வந்தவற்றில் நிறைகள் சில நழுவின. 1971-இல் காசு போட்டு ஆடும் விண்வெளிப் பெட்டிகள் வந்தன. 1978-இல் ஜப்பானில் பிறந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' மனிதனை இயந்திரத்தோடு மோதவிட்டது. இருவர் ஆடினாலும் மாறி மாறியே ஆட வேண்டும். ஒரு படையை அழித்தால் அடுத்த படை வரும். இறுதி வெற்றி என்பதே இல்லை. அயலானும் போனான், முடிவும் போயிற்று. அந்தத் தந்தையின் வீட்டுச் செல்பேசியில் இருப்பதும் இந்த வழிவந்ததே.

அவருடைய பிள்ளைகள் இருவரையும் அழைத்து, மாணவரின் கணினி முன் அருகருகே அமர வைத்தோம். அண்ணனின் கலம் இருமுறை நடுமீனில் விழுந்தது. மூன்றாம் முறை, "திருப்பு அண்ணா, திருப்பு!" என்று தம்பி தன்னையறியாமல் கூவிவிட்டான். எட்டு நாள் மௌனம் அங்கே உடைந்தது. செல்பேசிச் சண்டை அதோடு தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; அடுத்த வாரமே மீண்டும் எழுந்ததாம். ஆனால் இம்முறை பேச்சு நிற்கவில்லை.

தந்தைக்கு நாம் அளித்த மறுமொழி இதுவே. விளையாட்டு பாவமன்று, உடலுக்கு ஓய்வு போல உள்ளத்திற்கு அது தேவை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். அது தகாதவற்றில் இன்பம் தேடலாகாது, மனத்தின் சமநிலையைக் குலைக்கலாகாது, காலத்திற்கும் இடத்திற்கும் ஆளுக்கும் பொருந்த வேண்டும் என்றும் எச்சரித்தார்.

பெற்றோரே, பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குமுன் ஒருமுறை அருகே அமர்ந்து பாருங்கள். இது எப்போது முடியும், உன்னோடு ஆடுபவர் யார் என்ற இரு கேள்விகளைக் கேளுங்கள். விடை இல்லையெனில் கருவியை வாங்கி வையுங்கள். ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். அவனோடு திண்ணையில் அமர்ந்து, திருவாதிரை எது, ரோகிணி எது என்று காட்டுங்கள். காலியான இடத்தில் நீங்கள் அமராவிட்டால், பிடுங்கியதால் பயனில்லை.