நோய் வருமுன் கேளுங்கள்

கொள்ளைநோய்க் காலத்தில் மக்களிடம் கருத்துக் கேட்க நேரமேது என்கிறார்கள் ஆட்சியாளர்கள். உண்மைதான். ஆகவேதான், நோய் வருமுன்பே கேளுங்கள் என்கிறோம்.

கேளாமல் வகுத்த விதி என்ன செய்யும் என்பதற்கு இலங்கையே சாட்சி. கொரோனாவால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என 2020 ஏப்ரலில் அந்நாட்டு அரசு வர்த்தமானியில் அறிவித்தது. அடக்கம் செய்யலாம் என உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அரசு செவிசாய்க்கவில்லை. பிறந்து 20 நாளே ஆன பச்சிளங்குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில் தடை நீங்கி, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அந்த மன்னிப்பால் பெற்றோருக்கு ஒரு கபுரைத் தர இயலுமா?

மருத்துவம் அறியாத மக்களிடம் எதைக் கேட்பது என்று சிலர் வினவலாம். கிருமியின் இயல்பை வல்லுநரே கூறட்டும். ஆனால் தடுப்பூசி முதலில் எவருக்கு, பள்ளிவாசல் எப்போது மூடப்படும், அன்றாடக் கூலியாளின் அடுப்பு எவ்வாறு எரியும், ஜனாஸாவை யார் குளிப்பாட்டுவது என்பவை நீதி பற்றிய கேள்விகள். அவற்றுக்கு ஆய்வுக்கூடத்தில் விடை இல்லை. 2005இல் அமெரிக்காவில், ஃப்ளூ பெருந்தொற்றின்போது தடுப்பூசி எவருக்கு முதலில் என்பதைப் பொதுமக்களைக் கூட்டிக் கேட்டார்கள். சமூகத்தின் இயக்கம் நின்றுவிடாமல் காப்பதே முதல் நோக்கம், தனிமனித உயிரிழப்பைக் குறைப்பது அடுத்தது என அம்மக்கள் நிதானமாக ஆய்ந்து கூறினார்கள். தம் உயிருக்கே முதலிடம் கேட்பார்கள் என்ற ஐயம் பொய்த்தது.

நமக்கோ இது புதிதன்று. ஷாமில் கொள்ளைநோய் பரவியதை வழியில் அறிந்த கலீஃபா உமர் (ரலி), முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், அன்ஸார்களைக் கேட்டார்கள், குறைஷி முதியோரையும் கேட்டார்கள். கருத்துகள் மோதின. அனைத்தையும் கேட்ட பின்னரே திரும்ப முடிவெடுத்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர், அங்கிருப்போர் தப்பி வெளியேறாதீர் என்ற நபிகளாரின் (ஸல்) வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து அறிவித்தபோது, அம்முடிவு உறுதிபெற்றது.

பேரரசின் தலைவரே மஷூரா செய்தார்கள் எனில், மாவட்ட நிர்வாகங்கள் ஏன் தயங்க வேண்டும்? ஃப்ளூ மீண்டும் பெருந்தொற்றாய் எழும் என்பதில் அறிவியலாளர்களுக்கு ஐயமில்லை, நாள்தான் தெரியாது. ஜமாஅத்துகளே, அழைப்புக்காகக் காத்திராதீர்கள். கபுருஸ்தானின் இடவசதி, குளிப்பாட்டப் பயிற்சி பெற்றோர், துணையற்ற முதியோர் ஆகிய விவரங்களோடு நிர்வாகத்தின் கதவைத் தட்டுங்கள். திட்டம் எழுதப்படும் மேசையில் அமர்வது சலுகையன்று. நமது உரிமை, நமது அமானிதம்.