தாய்மார் கேட்கும் கணக்கு

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் 2017-ம் வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி தாய்மார் சிலர் தங்கள் மக்களின் படங்களை ஏந்தி உட்கார்ந்தனர். வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களிலும் பெண்கள் அவ்வாறே அமர்ந்தனர். அவர்கள் கோரியது சலுகையன்று, பதில். 2009 மே மாதம் யுத்தம் முடிந்த தறுவாயில், வட்டுவாகலில் ராணுவத்தாரிடம் பிள்ளைகளைத் தம் கையாலேயே ஒப்புவித்ததாகச் சாட்சி சொல்லும் தாய்மாரும் இவர்களிடையே உண்டு. அடகுக்கடைக்காரன்கூட வாங்கிய நகைக்குச் சீட்டு எழுதித் தருகிறான். உயிர்களை ஏற்றுக்கொண்ட சர்க்காரின் பேரேடு எங்கே என்று நாம் கேட்கிறோம்.

கொழும்பு சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்பதற்கில்லை. 2016-ல் சட்டம் இயற்றி, 2018-ல் காணாமற்போனோர் அலுவலகத்தைத் திறந்தது. ஆனால் 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ஷ, காணாமற்போனோர் இறந்துவிட்டனர் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் கூறிவிட்டார். 2022-ல் குடும்பம் ஒன்றுக்கு லட்சம் ரூபாய் கொடுக்க மந்திரிசபை முடிவு செய்தது. இறந்தனரெனில் எங்கே இறந்தனர்? யார் கையால், யார் உத்தரவால்? இவற்றுக்கு விடை கூறாமல் நீட்டும் பணம் பரிகாரமன்று, வாய்ப்பூட்டேயாகும்.

இது ஓர் இனத்தின் துயரம் மாத்திரமன்று. 1984-ல் யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணி கண்டனர். 1987-89 கிளர்ச்சியை அடக்கியபோது தென்னிலங்கையில் ஆயிரக்கணக்கான சிங்கள வாலிபர் மறைந்தனர். அவர்தம் தாய்மாரும் 1990-ல் மாத்தறையில் அதே பெயரில் திரண்டனர். அக்கிளர்ச்சியை நடத்தித் தன் வாலிபரை இழந்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவே 2024-ல் ஜனாதிபதியானார். மறைந்தவர் வீட்டுத் துயரத்தை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நம் தேசமும் உபதேசத்தோடு நிற்கலாகாது. காஷ்மீரத்தில் 1994-ல் பெற்றோர் சங்கமொன்று இதே கேள்வியுடன் தோன்றியது. ஆட்களை வலிந்து காணாமலாக்குவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்தை இலங்கை 2016-ல் உறுதி செய்தது. 2007-லேயே அதில் கையெழுத்திட்ட இந்தியாவோ இன்னும் உறுதி செய்யவில்லை. இக்குறையை நீக்கினாலன்றி அயலாருக்கு நீதி கூறும் யோக்கியதை நமக்கு ஏது?

பதில் கேட்ட தாய்மாரில் பலர் அது கிடைக்காமலே கண்மூடினர். சாட்சிகள் ஒவ்வொருவராக மறையட்டும் என்று காத்திருப்பது சாமர்த்தியமாகத் தோன்றலாம், நீதியாகாது. சரணடைந்தோரின் ஜாபிதாவைச் சர்க்கார் வெளியிட வேண்டும். எஞ்சிய தாய்மார் உயிரோடிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.