லேபிள் இல்லாத பொட்டலம்!

போன தீபாவளிக்கு பாதுஷா செய்யலாம் என்று, கடையில் அரை கிலோ வனஸ்பதி கேட்டேன். பெரிய டின்னிலிருந்து கரண்டியால் எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு நிறுத்துக் கொடுத்தார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். "டால்டா, பேக்கரி அயிட்டத்தில் எல்லாம் டிரான்ஸ் கொழுப்பு இருக்கும். கிட்டவே சேர்க்காதீங்கம்மா" என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "இதுல அது எவ்வளவுன்னு போட்டிருக்கா அண்ணாச்சி?" என்றேன். "டின்னுல ஒட்டியிருந்த பேப்பர் எப்பவோ கிழிஞ்சு போச்சு தாயி. ஊரே இதைத்தானே வாங்குது!" என்றார்.

அது என்ன டிரான்ஸ் கொழுப்பு? சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் நடுவில் வளைந்திருக்கும். நெருங்கி அடுக்க முடியாததால் எண்ணெய் திரவமாக ஓடுகிறது. அதைச் சூடாக்கி, நிக்கல் துணையோடு ஹைட்ரஜன் வாயுவை அரைகுறையாகச் செலுத்தினால், சிலவற்றின் வளைவு நிமிர்ந்து விடும். அணுக்கள் அதேதான், உருவம் மட்டும் வேறு. நிமிர்ந்தவை நெருக்கமாக அடுக்கி, நெய் மாதிரி உறையும். ஆனால் உடம்புக்குள் போனால் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைத்துவிடும்.

டென்மார்க் 2003லேயே இதற்கு 2 சதவீத வரம்பு வைத்தது. நம் நாட்டில் 2011ல் 10 சதவீதம், 2015ல் 5, 2021ல் 3 என்று குறைத்து, 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் ஆக்கினார்கள். அதாவது 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெய், வனஸ்பதி மட்டுமல்ல, அவற்றில் செய்த பண்டங்களுக்கும் இதே சட்டம்தான்.

நல்ல சட்டம். ஆனால் யாருக்குப் பயன்? பாக்கெட்டில் வாங்குபவர் படித்துப் பார்க்கலாம். நூறு, இருநூறு கிராம் என்று சில்லறையாக வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு லேபிள் ஏது? நவபாஷாணத்துக்கு வருபவர்கள் பசிக்கு வாங்கும் பப்ஸிலும் கேக்கிலும் எதைப் போட்டார்கள் என்று யார் சொல்வது? ஏழைக்கும் இதயம் ஒன்றுதானே!

இன்னொன்று. 'டிரான்ஸ் ஃபேட் இல்லை' என்று எழுதியிருந்தாலும் அள்ளிப் போட வேண்டாம். கெட்டியாவதற்கு இப்போது பாமாயில் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பும் அளவு மீறினால் கெடுதல்தான்.

எனவே சகோதரிகளே, சிறிய பாக்கெட்டாக இருந்தாலும் சீல் உள்ளதாக, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள். அதிகாரிகளும் பாக்கெட்டோடு நின்றுவிடாமல், டின்னையும் பேக்கரி அடுப்படியையும் எட்டிப் பார்க்கட்டும்.

அந்தப் பையை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்குக் கடலை எண்ணெயில் முறுக்கு சுட்டேன். "பாதுஷா எங்கே?" என்று கேட்ட வீட்டுக்காரரிடம், "நீங்க நல்லா இருந்தா அதுவே எனக்கு இனிப்பு" என்றேன். பதில் பேசாமல் இரண்டாவது முறுக்கை எடுத்துக்கொண்டார்!

- ஒரு வாசகி, தேவிபட்டினம்.