கப்பல் நிற்கும் பகலில்



கோடை விடுமுறை நெருங்கினால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி இப்போதெல்லாம் தவறுவதில்லை. "சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போகிறோம். நடுவில் ஒரு பகல் பினாங்கில் நிற்குமாம். அங்கே என்ன பார்க்கலாம்?" கேட்பவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை என்பதால் இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். என் பதில் சிலருக்கு விசித்திரமாகப் படலாம். பஸ்ஸில் ஏறாதீர்கள். வழிகாட்டியோடு சைக்கிளில் கிளம்பி, பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் மலையேறுங்கள்.

கப்பல் ஒரு துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறது என்றால் அதில் இறங்குவதற்கும் திரும்பி ஏறுவதற்கும் இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். மீதி ஆறு. அதில் தீவு முழுவதையும் காட்டுகிறேன் என்று கிளம்பும் பஸ், பாதி நேரம் சிக்னலில் நிற்கும். இன்னொரு பங்கு நினைவுப்பொருள் கடையில் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் ஏசி குளிர். ஏசியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கத்தான் கப்பலே இருக்கிறதே! கரையில் இறங்கியும் எதற்கு அதே வேலை?

பினாங்குக்கு ஒரு வசதி உண்டு. போர்ட் கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பினாங்கில் அப்படியில்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் வாசலிலேயே இருக்கிறது. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் வந்திறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டை நடந்து போகிற தூரம். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் முழுவதும் சைக்கிளுக்கென்றே போட்டது மாதிரி சமதரையில் கிடக்கிறது. சாலையில் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் போக வேண்டும் என்பதால் குழப்பம் இல்லை.

நான் போன சைக்கிள் குழுவில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். வழிகாட்டி அந்த ஊர்த் தமிழர், நாற்பது வயதிருக்கும். வந்ததும் "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். மலேசியத் தமிழர்கள் வணக்கத்துக்குப் பதிலாகக் கேட்கும் கேள்வி அது. பிறகு ஒவ்வொருவரையும் சைக்கிள் பக்கத்தில் நிற்கவைத்து, சீட் இடுப்பெலும்பு உயரத்துக்கு வரும்படி ஏற்றி இறக்கினார். கியர் இல்லாத சைக்கிளிலேயே பழகிய தலைமுறை நாங்கள். "மேடு வந்தப்புறம் கியரை மாத்தாதீங்க ஐயா, மேடு தெரியும்போதே மாத்திடுங்க" என்று அவர் சொன்ன ஒரு வரி அன்று முழுவதும் உதவியது. கோவையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா சுடிதாரில் இருந்தார். அவருடைய துப்பட்டாவைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து, "அக்கா, இதை இடுப்புல கட்டிக்குங்க. சக்கரத்துல சுத்துச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்றார். பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர் அந்த அம்மா. முதல் தெருவில் தடுமாறினார், மூன்றாவது தெருவில் எங்களை முந்தினார்.

முன்பு பிட் ஸ்திரீட் என்ற பெயரில் இருந்த தெருவில் கொஞ்ச தூரம் மிதித்தால் போதும். 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஊதுபத்திப் புகை மூட்டமாக நிற்கும் சீனர்களின் குவான் யின் கோயில், 1801-ல் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பஸ் இவற்றில் ஏதோ ஒன்றின் முன்னால் நிற்கும். சைக்கிள் எல்லாவற்றின் முன்னாலும் நிற்கும். ஆர்மீனியன் தெருவில் 2012-ல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சச்சரேவிச் வரைந்த இரண்டு குழந்தைகள் சுவரில் இருக்கிறார்கள். அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிள் மட்டும் நிஜம், சுவரோடு சேர்த்துப் பதித்தது. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிசை நீளமாக இருந்தால் காத்திருக்காதீர்கள். மலைக்கான நேரம் அங்கேதான் கரைகிறது.

சூலியா தெருவைக் கடக்கும்போது எனக்கு 'ரஜுலா' ஞாபகம் வந்தது. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். நம் வாசகர்கள் சிலரின் தாத்தாக்கள் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களாக இருக்கலாம். ஒரு நடைக்கு ஐயாயிரம் பேர் வரை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. அவர்களில் யாருக்கும் மாலையில் கப்பலுக்குத் திரும்பும் யோசனை இல்லை. தோட்டத்துக்கும் கடைக்கும் துறைமுக வேலைக்கும் போனார்கள். காவடித் தடியின் இருபக்கமும் சோற்றுப் பாத்திரமும் குழம்புப் பாத்திரமும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் கைப்பக்குவம்தான் இன்று மலேசியா முழுவதும் வரிசையில் நின்று சாப்பிடும் நாசி கண்டார்.

ஊரைத் தாண்டினால் வழி லேசாக மேடேறத் தொடங்கும். துறையிலிருந்து தாவரவியல் தோட்டத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர். அந்தப் பகுதிக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர் தண்ணீர்மலை. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதத்தில் முருகன் ஊருக்குள்ளிருந்து போவது அங்கேதான். 1894-ல் செட்டியார்கள் வரவழைத்த ரதம் அது. ரதம் போகும் பாதையில் சிதறும் தேங்காய்களை அள்ள லாரி வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். குன்றின் மேலிருக்கும் பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி ஏற வேண்டும். கோயிலையும் பார்த்து மலையும் ஏறலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். ஒரே பகலில் இரண்டும் வேண்டாம். முழங்கால் ஒத்துழைக்காது.

தாவரவியல் தோட்டம் 1884-ல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு பழைய கருங்கல் குவாரியில் உருவாக்கியது. அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. நம் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய அதே மரம், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அடிமரத்திலேயே பூத்து, அடிமரத்திலேயே பீரங்கிக் குண்டு போலக் காய்த்துத் தொங்கும். எங்கள் குழுவிலிருந்த கொரியத் தம்பதி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கோவை அம்மா கீழே விழுந்திருந்த பூ ஒன்றை எடுத்து, இதழைப் பிரித்து, உள்ளே லிங்கம் போலிருந்ததையும் அதன் மேல் குடை பிடித்த நாகப்படத்தையும் காட்டினார். இவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது, அவர்களுக்கும் அப்படித்தான். ஐந்து நிமிடம் மூவரும் அந்தப் பூவை விட்டு நகரவில்லை.

சைக்கிள்களைப் பூட்டிவிட்டு, தோட்டத்துக்குச் சற்று முன்னால் சாலையோரமாக நிற்கும் வெள்ளை வட்ட வாசலுக்கு வந்தோம். ஊர்க்காரர்கள் அதை மூன் கேட் என்கிறார்கள். அதற்குள் நுழைந்ததும் காடு. வேர்களே படிகளாக ஏறுகிற பாதை. இது 2021-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த கொடிமலையின் அடிவாரம். சூட்டை விடப் புழுக்கம்தான் இங்கே எதிரி. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கும் ஊர். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? எனவே நம் ஊர் வெயிலைத் தாங்குகிறவர்கள்கூட இங்கே அரை மணியில் தளர்ந்துவிடுவார்கள். வழிகாட்டி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்களை நிறுத்தித் தண்ணீர் குடிக்கவைத்தார். தாகமில்லை என்று ஒருவர் சொன்னதற்கு, "தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டு லா" என்றார்.

கிளைகளில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் உட்கார்ந்து இலை மென்றுகொண்டிருந்தன. அவற்றின் குட்டிகள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பெரிதாகும்போது கறுத்துவிடும். அவை நம்மைச் சட்டை செய்யாது. தோட்டத்துப் பக்கம் திரியும் நீளவால் குரங்குகளிடம்தான் எச்சரிக்கை தேவை. கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் பிடுங்கும். அவற்றுக்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம். பாவம் என்று வாழைப்பழம் நீட்டும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறினால், மலைக்குப் போகும் ஜீப் சாலையைத் தொடும் இடத்தில் ஓர் இளைப்பாறும் கொட்டகை. 84 என்று எண்ணால்தான் அழைக்கிறார்கள். அங்கே தேநீர் வைத்திருப்பவர்கள் வியாபாரிகள் அல்லர், தினமும் மலையேறும் ஊர்ப் பெரியவர்கள். குடித்துவிட்டு உண்டியலில் விரும்பியதைப் போடலாம். எழுபதைக் கடந்த சீனத் தாத்தா ஒருவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அது காலை நடை.

உச்சிவரை போக எங்களுக்கு நேரமில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. உச்சிக்குப் போவதுதான் ஆசை என்றால் ஆயர் ஈத்தாமிலிருந்து 1923 முதல் ஓடும் மலை ரயில் இருக்கிறது. 2011-ல் புதுப்பித்த பிறகு சில நிமிடங்களில் கொண்டுபோய் விட்டுவிடும். நாங்கள் ஜீப் சாலை வழியாக இறங்கினோம். செங்குத்தான இறக்கம். நேராக இறங்காமல் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் குறுக்கே நடந்தால் முழங்காலுக்கு நல்லது. கீழே வந்து குடித்த ஜாதிக்காய்ச் சாற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நாம் கொட்டையை எடுத்துக்கொண்டு சதையை மறந்துவிடுகிறோம். அங்கே அந்தச் சதையைத்தான் சாறு பிழிகிறார்கள், உப்பிலும் சர்க்கரையிலும் ஊறப்போடுகிறார்கள்.

இனி, கேட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும் என்றால் அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே ஏறியிருக்க வேண்டும். அந்த நேரத்தை அறைக்கு வரும் தினசரித் தாளில் பாருங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் பயணத்தில் போனால் செலவு கூடும், ஆனால் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் உங்களுக்காகக் காத்திருக்கும். வெளியே பேசி அமர்த்திக்கொண்டால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். முதல் முறை போகிறவர்கள் கப்பல்வழி போவதே நிம்மதி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், சிக்கலில்லை. அதே பயணத்தில் புக்கெட் வந்தால் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், தானாக மாறிக்கொள்ளும் செல்போனை நம்பியவர் துறைக்கு வரும்போது கப்பல் நடுக்கடலில் இருக்கும். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலில் இருந்து திரும்பவும் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும் என்பதால் விசா ஒரு முறைக்கா, பல முறைக்கா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

செருப்பு வேண்டாம், ஷூ. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் தொடை உரசும். கொஞ்சம் வாசலின் பூசிக்கொள்வது நல்லது. காலை பஃபேயில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையோடு கடலை மிட்டாயும் வைத்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மலையேற வேண்டாம்.

கரையில் முழுதாக ஐந்து மணி நேரம் கிடைக்காவிட்டால் மலையை விட்டுவிடுங்கள். ஜார்ஜ்டவுன் தெருக்களில் சைக்கிள் மட்டும் போதும், அதற்கு இரண்டு மணி நேரம் தாராளம். போய்வந்தவர்கள் எழுதுங்கள். வேறு துறைமுகங்களில் இப்படிப் போனவர்கள் வழி, செலவு, நேரக் கணக்கோடு எழுதினால் அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்