கம்பி வராத கடைகளுக்குக் கோபுரத்திலிருந்து இணையம்: எதுவரை நம்பலாம்?

இணையம் இல்லாமல் கடை நடத்தும் காலம் மலேசியாவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மளிகைக் கடையோ பூக்கடையோ, வாடிக்கையாளர் கைத்தொலைபேசியை எடுத்து டுயிட்நவ் கியூஆர் அட்டை எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார். மொத்த வியாபாரிக்கு ஆர்டர் வாட்ஸ்அப்பில் போகிறது. 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி பெரிய நிறுவனங்களில் தொடங்கிய மின்-விலைப்பட்டியல் முறை, அதற்குப் பிறகு படிப்படியாக நடுத்தர வியாபாரங்களையும் எட்டியுள்ளது.

ஆனால் கண்ணாடி இழைக் கம்பி, அதாவது பைபர், எல்லாக் கடைகளுக்கும் வந்தபாடில்லை. பட்டணத்து முதன்மைச் சாலையில் உள்ள கடைவீட்டுக்கு அது கிடைக்கும். அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, செம்பனைத் தோட்ட வாசலில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அந்தத் தூரத்துக்குக் கம்பி இழுத்தால் வழியில் கிடைக்கும் வாடிக்கையாளர்கள் ஒருசிலர்தான். தோட்டச் சாலை நிர்வாகத்தின் சொந்த நிலம் என்பதால் அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். கணக்குப் பார்க்கும் நிறுவனம் அந்தப் பக்கம் வரத் தயங்குகிறது.

இந்த இடைவெளியில்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இப்போது கம்பியில்லா இணையத்தை விற்கின்றன. கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் 4ஜி அல்லது 5ஜி அலையை, கடையில் ஒரே இடத்தில் வைக்கப்படும் மோடம் வாங்கி, வைஃபையாகத் தருகிறது. மோடத்துக்குள் இருப்பது ஒரு சிம் அட்டைதான். பள்ளம் தோண்ட வேண்டாம், சுவரில் துளை போட வேண்டாம், ஆள் வரும் நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வாங்கிய அன்றே வேலை தொடங்கிவிடும்.

வாடகைக் கடைக்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. பைபர் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதங்களுக்குப் போடப்படுகிறது. கடை வாடகை ஒப்பந்தமோ பல பட்டணங்களில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. உரிமையாளர் வாடகையை ஏற்றிக் கடையை மாற்ற நேர்ந்தால், புதிய இடத்தில் பைபர் இருக்குமா என்பதே தெரியாது. மோடத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனாலும், பதிவு செய்த முகவரிக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை சில திட்டங்களில் இருக்கிறது. கையெழுத்திடும் முன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விளம்பரம் சொல்லாத பகுதி இனித்தான் வருகிறது.

முதலாவது, அலை எட்டுமா என்பது. டிஜிட்டல் நேஷனல் நிறுவனத்தின் 5ஜி கட்டமைப்பு 2023 இறுதியில் 80 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் அந்த 80 விழுக்காடு மக்கள் வசிக்கும் பகுதிகளின் கணக்கு. நாட்டின் நிலப்பரப்பு முழுவதற்குமான கணக்கு அல்ல. தோட்டங்கள் பெரும்பாலும் எஞ்சிய பகுதியில் அல்லது அதன் விளிம்பில் இருக்கின்றன. வேகம் தரும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை தூரத்திலும் சுவர்களிலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும், ஆனால் அதன் வேகம் குறைவு. தகரக் கூரைக்குக் கீழே, கடையின் பின்னறையில் மோடத்தை வைத்துவிட்டு இணையம் மெதுவாக இருக்கிறது என்று குறைப்பட்டுப் பயனில்லை. கோபுரத்தைப் பார்த்த சன்னலோரம் அதற்கு ஏற்ற இடம்.

இரண்டாவது, ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அந்த வட்டாரத்தில் உள்ள அனைவருக்கும் பொது. காலை 11 மணிக்குப் பறக்கும் இணையம், இரவு 8 மணிக்கு எல்லா வீடுகளிலும் காணொளி ஓடும்போது தவழும். சாப்பாட்டுக் கடைக்கு வியாபாரம் சூடு பிடிப்பதும் அதே நேரத்தில்தான்.

கியூஆர் கட்டணமும் மின்-விலைப்பட்டியலும் மிகச் சிறிய தரவுகள். நெரிசல் நேரத்திலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். சிக்கல் வருவது கண்காணிப்புக் கேமராவில். இத்தகைய சேவையில் பதிவிறக்கத்துக்கே அதிக இடம் ஒதுக்கப்படுகிறது, பதிவேற்றத்துக்குக் கிடைப்பது கொஞ்சம். கேமரா செய்வதோ பதிவேற்றம் மட்டும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் நாள் முழுதும் இணையத்துக்குப் படம் அனுப்பினால், ஒரு நாளைக்குச் சுமார் 21 கிகாபைட் செலவாகும். மாதத்துக்கு 640 கிகாபைட்டைத் தாண்டும். நான்கு கேமராக்கள் வைத்திருக்கும் நகைக்கடைக்காரர் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். 'வரம்பற்றது' என்று விற்கப்படும் திட்டத்திலும், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். பதிவைக் கடையிலேயே பெட்டியில் சேமித்து, தேவையானபோது மட்டும் வெளியிலிருந்து பார்ப்பது மேல். அதற்கும் ஒரு தடை வரலாம். பல கம்பியில்லாத் திட்டங்களில் கடைக்கென்று தனிப் பொது ஐபி முகவரி தரப்படுவதில்லை. வெளியிலிருந்து பெட்டியை நேரடியாகத் திறக்கும் பழைய முறை அதில் வேலை செய்யாது. கேமரா பொருத்துபவரிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பைபர் உள்ள கடைக்கும் இந்த மோடம் வீண் அல்ல. சாலை வேலையில் கம்பி அறுந்தாலும் கட்டண இயந்திரம் ஓடும். இரண்டு இணைப்பும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு பாதிதான். கோபுரத்துக்கும் பெரும்பாலும் கம்பி வழியாகத்தான் இணையம் வருகிறது, அறுந்தது அந்தக் கம்பியாகவே இருக்கலாம்.

கம்பிக்கு விடை கொடுக்கச் சொன்ன விளம்பரம் மலேசியர்களுக்குப் புதிதும் அல்ல. 2008இல் வைமேக்ஸ் சேவையோடு வந்த பி1 நிறுவனம் 'பொத்தோங்' என்று ஊரெங்கும் முழங்கியது பலருக்கு நினைவிருக்கும். சில ஆண்டுகளில் எல்டிஇ முந்திக்கொள்ள, வைமேக்ஸ் காணாமல் போனது. இன்றைய 5ஜி அதைவிடப் பன்மடங்கு வலுவானது, அதே கதி அதற்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அதே நிறுவனத்தின் சிம் அட்டையைக் கைத்தொலைபேசியில் போட்டு, கல்லாப்பெட்டி அருகே இரவு 8 மணிக்கு வேகத்தைச் சோதித்துப் பார்க்கப் பெரிய செலவில்லை. பதிவேற்ற வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வியாபாரிகள் சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோட்டத்துக்குக் கோபுர அலை வந்துவிட்டது என்று பட்டியலில் குறித்துவிட்டால், அங்கே பைபர் கேட்பவரின் குரல் எடுபடாமல் போகலாம். உண்மையில் கோபுரம் வந்த இடத்தில் பைபர் கேட்பதற்கான காரணம் கூடுகிறது. அந்தக் கோபுரத்துக்கே கண்ணாடி இழை இழுத்திருந்தால், அங்கிருந்து தோட்ட வாசலில் உள்ள நான்கு கடைகளுக்கும் பின்னால் இருக்கும் லயத்து வீடுகளுக்கும் மிச்சமுள்ள தூரம் சில நூறு மீட்டராக இருக்கலாம். எந்தெந்தத் தோட்டத்தில் அப்படி இருக்கிறது என்ற விவரத்தைத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் தொகுதி வாரியாகக் கேட்டுப் பெறுவதிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.